மலையனூர் அன்னையும் மணப்பெண்ணின் பேயும்

செஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கோட்டை. மூன்று குன்றுகளை வளைத்துச் செல்லும் மதில், இராசகிரியின் செங்குத்தான உச்சி, 1714 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து நின்று இளமையிலேயே மாண்ட தேசிங்குராசன், அவனுடன் தீப்புகுந்த அவன் தேவி ஆகிய செய்திகளையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியரின் படையரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை ஒன்றேயாகும்.

ஆனால் நான் இன்று கோட்டையைப் பற்றிப் பேச வரவில்லை. அக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மக்கள், இராசாக்களைக் காட்டிலும் மிகுதியாக அஞ்சுவதும் அன்பு செலுத்துவதும் ஒரு பெண்ணினிடத்தில். அவள் சுடுகாட்டில் நடமாடுபவள், பேய்களை ஓட்டுபவள். செஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேல்மலையனூரில் கோயில் கொண்டிருக்கும் அங்காளபரமேசுவரியே அவள். மக்கள் அவளை அங்காளம்மன் என்று அழைப்பர். அமாவாசைதோறும் இரவில் அங்கு நடைபெறும் ஊஞ்சல் விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து கூடுகின்றனர். பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்களையும் உறவினர் அழைத்து வருகின்றனர்.

பேய் என்பது உண்டா, இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். அறிவியல் பயிலும் உங்களுக்கு அதன் விடை தெரியும். ஆயினும் அந்த விடையோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. பேய் பொய்யாக இருக்கலாம். பேய் பிடித்தது என்று கூறப்படும் பெண்ணின் நடுக்கம் பொய்யன்று. அவள் உண்ணாமலும் உறங்காமலும் மெலிவது மெய். எனவே, அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது, மலையனூர் அதனை எவ்வாறு தீர்க்க முயல்கிறது என்பவற்றை இன்று நாம் ஆராய்வோம்.

முதலில், பேய் என்று மக்கள் எதனைக் கூறுகின்றனர் என்று பார்ப்போம். வாழ்ந்து முதிர்ந்து, மக்களைப் பெற்று, முறைப்படி ஈமக்கடன் செய்யப்பெற்று இறந்தவர் பேயாவதில்லை; அவர் குடும்பத்தைக் காக்கும் முன்னோராகிறார். வாழ வேண்டிய காலத்தில் வாழாது, ஆசை நிறைவேறாது, அகால மரணம் அடைந்தவரே பேயாகத் திரிவர் என்பது நாட்டுமக்கள் நம்பிக்கை. ஆகவே பேய் என்பது நிறைவேறாத ஆசைக்கு மக்கள் இட்ட பெயர் என்றே கூறலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அகாலத்தில் மாண்டவர் எல்லோரும் பேயாகிவிடுவதில்லை. சிலர் தெய்வமாகிவிடுகின்றனர். காத்தவராயன் ஆரியமாலையைக் காதலித்தான், கழுவேற்றப்பட்டான். மதுரைவீரன் பொம்மியைக் காதலித்து மணந்தான். பின்னர் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். இருவருமே சாதி வரம்பைத் தாண்டிய காதலர்கள். இருவருமே கொடிய முறையில் மடிந்தவர்கள். ஆயினும் அவர்களுக்குக் கதைப்பாடல் உண்டு. உடுக்கடித்துப் பாடுவோர் உண்டு. ஊர் எல்லையில் கோயிலும் உண்டு. கதை கிடைத்த காதலன் தெய்வமானான். கதை கிடைக்காத காதலன் பேயானான். பின்னவனைத்தான் மலையனூரில் நாம் சந்திக்கப்போகிறோம்.

அதற்குமுன் அங்காளம்மையின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பிரமனுக்கு முன்பு ஐந்து தலைகள் இருந்தனவாம். அவனுடைய செருக்கை அடக்க விரும்பிய சிவபெருமான் ஒரு தலையைக் கிள்ளி எடுத்தார். எடுத்த தலை கீழே விழவில்லை. அவருடைய கையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தக் கபாலத்தை ஏந்தி அவர் வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். இட்ட பிச்சையையெல்லாம் கபாலமே தின்றுவிட்டது. உலகை ஆளும் இறைவன் பசியோடும் பித்தோடும் சுடுகாடுகளில் திரிந்தார். பார்வதியோ சாபத்துக்கு உள்ளாகி மலையனூரில் புற்றாக அமர்ந்திருந்தாள். சிவபெருமான் அவ்விடத்துக்கு வந்தபோது, அன்னை உணவு சமைத்து உருண்டைகளாக்கிக் கபாலத்தில் இட்டாள். சுவை கண்ட கபாலம் மேலும் வேண்டும் என்று காத்திருந்தது. அடுத்த உருண்டையை அவள் வேண்டுமென்றே தரையில் இறைத்தாள். அதை உண்பதற்காகக் கபாலம் கையைவிட்டுக் கீழே இறங்கியது. அந்தக் கணத்தில் அன்னை பேருருவம் எடுத்துத் தன் காலால் அதனை மிதித்து அழித்தாள். இறைவன் விடுதலை பெற்றார்.

இந்தக் கதையின் நினைவாகவே மாசித் திங்களில், மகாசிவராத்திரியை அடுத்து, மயானக்கொள்ளை என்னும் விழா நடைபெறுகிறது. அம்மன் சுடுகாட்டுக்கு எழுந்தருளுகிறாள். மக்கள் தங்கள் வயலில் விளைந்த தானியத்தையும் காய்கனிகளையும் நாணயங்களையும் சமைத்த உணவையும் அங்கே வாரி இறைக்கின்றனர். மற்றவர்கள் முண்டியடித்து அவற்றைக் கொள்ளையிடுகின்றனர். கோயிலில் பூசை செய்யும் உரிமை பருவதராச குலத்தார் எனப்படும் செம்படவர்களுக்கு உரியது. கருவறையில் இன்றும் புற்று உண்டு.

கதையை உற்று நோக்குங்கள். இதில் பீடிக்கப்பட்டவர் கணவர், மீட்டவள் மனைவி. பற்றிக்கொண்ட ஒன்றை வலிமையால் பிடுங்கி எறிய அவள் முயலவில்லை. அதன் பசியை அறிந்து, உணவு காட்டி இறங்கச் செய்து, பிறகே அழித்தாள். மலையனூரில் பேயோட்டும் முறையும் இதே வழியைப் பின்பற்றுகிறது.

இனி அம்முறையைக் காண்போம். பேயோட்டுபவர்கள் பம்பைக்காரர்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க, அவர்கள் அங்காளம்மையை வருந்தி அழைத்துப் பாடுகின்றனர். எதிரே அந்தப் பெண் அமர்ந்திருக்கிறாள். முழக்கம் ஏற ஏற அவள் தலைமயிர் அவிழ்ந்து விழ ஆடத் தொடங்குகிறாள். அப்பொழுது கேள்விகள் பிறக்கின்றன. உன் பெயர் என்ன? எந்த ஊர்? எப்படி இறந்தாய்? இவளை எங்கே பிடித்தாய்? விடை வருமளவும் பம்பை ஓய்வதில்லை. பேய் தன் வரலாற்றைக் கூறியபின் பேரம் நடக்கிறது. கோழி, சாராயம், சுருட்டு எனப் பேய் கேட்பதைத் தருவதாக ஒப்புக்கொள்கின்றனர். பேய் குடியிருப்பதாகக் கருதப்படும் ஒரு மயிர்க்கற்றையை முடிந்துவைக்கின்றனர். பின்னர் அப்பெண் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தை நோக்கி ஓடுகிறாள். அந்தக் கல்லின் பாரமே பேயின் பாரம் என்பர். மரத்தடியில் கல்லைப் போட்டவுடன் அந்த மயிர்க்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிடுகின்றனர். பேய் அங்கேயே தங்கிவிட்டது என்பது பொருள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக விளங்கிய இசபெல் நபக்கோவ் என்னும் அம்மையார், 1990 ஆம் ஆண்டையொட்டிப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தங்கி இச்சடங்குகளை ஆராய்ந்தார். அவருடைய நூல் 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் கண்ட உண்மை வியப்பைத் தருகிறது. பீடிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் புதிதாக மணம் முடித்த இளம்பெண்கள். பிடித்த பேய்களுள் பெரும்பாலானவை, காதல் கைகூடாமல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட இளைஞர்களின் ஆவிகள். தனியே செல்லும் மணப்பெண்ணைக் கண்டு அந்த ஆவி காதல் கொண்டுவிட்டது. அவளை அச்சுறுத்திப் பற்றிக்கொண்டது. கணவனோடு வாழ விடாமல் தடுக்கிறது. இவ்வாறுதான் அக்கதைகள் அமைகின்றன. செஞ்சி நாட்டுப் பேய்க்கதை, உள்ளே புகுந்து பார்த்தால், ஒரு காதற்கதை.

ஏன் மணப்பெண்? ஒரு பெண்ணின் வாழ்வில் திருமணத்துக்கு அடுத்த மாதங்கள் எத்தகையவை என்று எண்ணிப்பாருங்கள். பிறந்த வீடு நீங்குகிறது. பழகிய தோழியர் இல்லை. புதிய வீட்டில் யாரிடம் எதைப் பேசலாம் என்பது தெரியாது. கணவன் முன்பின் அறியாதவனாகவும் இருக்கலாம். "எனக்கு இவ்வாழ்வு பிடிக்கவில்லை" என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. சொன்னால் குடும்ப மானம் போயிற்று என்பர். உடல்மட்டும் சொல்கிறது: உணவை மறுக்கிறது, உறக்கத்தை மறுக்கிறது, தொடுகையை மறுக்கிறது. அவ்வுடலின் மொழிக்கு ஊரார் தந்த பொருள்தான் பேய்.

ஓர் அமாவாசையன்று நான் மலையனூருக்குச் சென்றிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் ஓர் இளம்பெண் தன் தாய்க்கும் மாமியாருக்கும் நடுவே அமர்ந்திருந்தாள். நான் கேளாமலேயே தாய் பேசத் தொடங்கினாள். "கண்ணாலம் ஆன நாளா இப்படித்தான் இருக்குதுங்க, எங்கியோ பயந்துட்டா" என்றாள். மாமியார் தன் பங்குக்குச் சில சொன்னாள். எந்த வழியில் பயந்தாள், எந்தக் கிணற்றங்கரையில் பயந்தாள் என்றெல்லாம் இருவரும் விரிவாகக் கூறினர். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பம்பை முழங்கும். அப்பொழுது கேள்விகள் எழும். ஆனால் அந்தக் கேள்விகள் பேயை நோக்கியவை. அவளை நோக்கியவை அல்ல.

இத்தகைய நிகழ்ச்சிகளை அறிஞர்கள் இருவகையாக விளக்குகின்றனர். லூயிஸ் என்னும் பிரித்தானிய மானிடவியலறிஞர் சோமாலிய மக்களிடையே ஆராய்ந்து 1971 இல் ஒரு நூல் வெளியிட்டார். வேறு வகையில் குரல் எழுப்ப இயலாத பெண்கள், ஆவியின் வாயிலாகத் தம் குறைகளைக் கூறி, கணவரிடமிருந்து ஆடையும் பரிவும் பெறுகின்றனர் என்பது அவர் கருத்து. அதன்படி பேய் என்பது எளியோர் கையில் உள்ள ஒரு படைக்கலம். நபக்கோவ் அம்மையாரோ செஞ்சிப் பகுதிக்கு இவ்விளக்கம் பொருந்தாது என்று கருதினார். இங்குப் பேயின் கதையை அமைப்பவர்கள் பெரும்பாலும் பம்பைக்காரர்களே. விடாத முழக்கத்தாலும் வினாக்களாலும் "நான் இன்னாருடைய ஆவி" என்று அப்பெண்ணைச் சொல்ல வைக்கின்றனர். அவளுடைய மனக்கசப்பு ஒரு செத்த காதலனின் ஆசையாக மாற்றப்படுகிறது. பின்னர் அவனோடு சேர்த்து மரத்தில் அறையப்படுகிறது. தம் கட்டுரை ஒன்றுக்கு அவர் இட்ட தலைப்பின் பொருளே "காதலனை வெளியேற்று, மனைவியை மீட்டெடு" என்பதாகும். மீட்கப்படுவது மனைவி என்னும் நிலை. அந்த மனைவிக்குள் இருக்கும் பெண் மீட்கப்பட்டாளா என்பதே கேள்வி.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டா. இத்தாலியின் தென்கோடியில் உள்ள சலெண்டோப் பகுதியில், அறுவடைக் காலத்தில் நச்சுச் சிலந்தி கடித்துவிட்டதாகக் கூறிப் பெண்கள் தரையில் புரண்டு ஆடுவார்கள். பிடிலும் தாளப்பறையும் கொண்ட இசைக்குழுவினர் வந்து, எந்தப் பண்ணுக்குச் சிலந்தி அடங்குகிறது என்று தேடித்தேடி வாசிப்பார்கள். எர்னெஸ்டோ தெ மார்ட்டினோ என்னும் அறிஞர் 1959 இல் அங்குச் சென்று ஆராய்ந்து 1961 இல் நூல் எழுதினார். சிலந்திக்கடி பெரும்பாலும் உண்மையான கடியன்று என்றும், தடைப்பட்ட காதல், விருப்பமில்லாத மணம், தீராத துயரம் ஆகியவையே பலரிடத்தில் சிலந்தியாக வந்து கடித்தன என்றும் அவர் காட்டினார். அங்கே சிலந்தி, இங்கே பேய். நோவின் வேர் ஒன்றே.

மலையனூர்ப் பகுதியில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. நடுங்கி ஆடும் பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு வந்திருப்பது பேய்" என்று சொன்னால், அவளை ஆணியடிக்கும் மரத்தை நோக்கி ஓட்டுகிறார்கள். "இவள்மேல் வந்திருப்பது ஆத்தாள்" என்று சொல்லிவிட்டாலோ, அவளுடைய காலில் விழுகிறார்கள். பின்னதை அடைந்த பெண் நாளடைவில் குறி சொல்லும் சாமியாடியாகிறாள். நேற்றுவரை அவளை அதட்டிய கணவனும் மாமியாரும் இன்று அவள் எதிரே கைகட்டி நிற்கின்றனர். அவள் பார்வைக்குப் பேயும் அஞ்சும் என்பர். பேயோட்டும் பெண், பல இடங்களில், முன்பு தானே பீடிக்கப்பட்டவளாக இருப்பதை ஆராய்ச்சியாளர் குறித்திருக்கின்றனர். உடலின் நடுக்கம் இரண்டிலும் ஒன்றே. அதற்கு ஊரார் சூட்டும் பெயர் வேறாகும்போது, அவளுடைய வாழ்வே வேறாகிவிடுகிறது.

இவையெல்லாம் பிற்காலத்து மூடநம்பிக்கை என்று சிலர் கருதலாம். சங்க இலக்கியத்தைத் திறந்து பாருங்கள். தலைவி ஒருவனைக் காதலிக்கிறாள், வீட்டாருக்குத் தெரியாது. அவள் மெலிகிறாள், வளை கழலுகிறது. தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சி வந்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். முருகனால் வந்த நோய் என்று முடிவு செய்கின்றனர். வேலன் வருகிறான்; களம் அமைத்து, ஆடு பலியிட்டு, வெறியாடுகிறான். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கெனவே "வெறிப்பத்து" என ஒரு பகுதி பாடியிருக்கிறார். வெறியாட்டைச் சிறப்பாகப் பாடியதனால் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்ற புலவரும் உண்டு.

ஆனால் சங்கப் பாடல்களில் வேலனைவிடச் சிறந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவள் தோழி. இந்நோய் தெய்வத்தால் வந்ததன்று, ஒருவன்பால் கொண்ட அன்பினால் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். வெறியாட்டு நடக்கும் களத்திலேயே அவள் உண்மையை வெளியிட்டுவிடுகிறாள். இதனை அறத்தொடு நிற்றல் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பெயரைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் மனத்தில் உள்ளதை அவளுக்காக எடுத்துச் சொல்வதற்கு அவர்கள் இட்ட பெயர் அறம்.

இன்றைய மருத்துவம் இதனை எவ்வாறு காண்கிறது? 2022 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஆவி பற்றியதுபோல் நிலைமாறித் துன்புறுதல் ஒரு மனநலக் குறையாக இடம்பெற்றிருக்கிறது. ஆற்ற முடியாத மனச்சுமை ஏறும்போது, தன் நினைவும் தன் அடையாளமும் ஒன்றைவிட்டொன்று பிரிந்துவிடுகின்றன. இதற்கு மருத்துவ உதவி உண்டு. இதனை உணராமையின் விலை மிகப் பெரிது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்திருக்கிறது.

அதே வேளையில், கோயிலையே பழிப்பதும் அறிவுடைமையாகாது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை மருத்துவர் குழுவொன்று ஆராய்ந்து, 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. அங்குப் பேயோட்டுதல் இல்லை, மருந்தும் இல்லை. நோயாளிகள் உறவினர் துணையோடு சில வாரம் தங்கி, சிறு பணிகளைச் செய்து, அமைதியாக இருந்தனர். அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதட்டாத சூழலும் அஞ்சாத இடமும் ஓரளவு மருந்தாகும் என்பதை இது காட்டுகிறது. மலையனூருக்குச் செல்லும் பெண்ணுக்கும், அந்தச் சில மணி நேரமேனும், தலைவிரித்து அலற ஓர் இடம் கிடைக்கிறது. அவளுக்காகக் குடும்பமே வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பயனை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதுவே போதும் என்று இருந்துவிடவும் கூடாது.

மாணவ நண்பர்களே, மருத்துவராகவும் ஆசிரியராகவும் இல்லறத்தாராகவும் நாளை நீங்கள் பல ஊர்களுக்குச் செல்வீர்கள். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எவரேனும் உங்களிடம் கூறினால், சிரித்துவிட்டு நகராதீர்கள். நம்பித் தலையாட்டவும் செய்யாதீர்கள். அவள் அருகில் சென்று அமருங்கள். பேயின் ஊரையும் பேரையும் கேட்பார் பலர் இருக்கின்றனர். அவளிடம், "உனக்கு என்ன அம்மா வருத்தம்?" என்று கேளுங்கள். அவள் விடை கூறும்வரை காத்திருங்கள். தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் கூறியதை வீட்டார்முன் எடுத்துரைக்கவும் அஞ்சாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தோழி ஆற்றிய அறம் அதுவே. அந்த அறம் ஊர்தோறும் நிலைத்துவிட்டால், மலையனூர்ப் புளியமரங்கள் ஆணி தாங்க வேண்டிய தேவை இராது.